குளிர்நாட்டு வயல்களும் மூடுபயிர்த் தேர்வும்

உழவர் விதைக்கும் பயிர்கள் இரு வகைப்படும். அறுத்துப் பயன் கொள்ளுதற்பொருட்டு விதைக்கப்படுவன ஒரு வகை. அறுவடையை நோக்காது, நிலத்தைக் காத்தற்பொருட்டே விதைக்கப்படுவன மற்றொரு வகை. முன்னையது மனிதர்க்கு உணவாகும். பின்னையது மண்ணுக்கு ஆடையாகும். இப்பின்னைய வகையையே மூடுபயிர் என வழங்குவர். முதன்மைப் பயிர் அறுக்கப்பட்ட பின், அடுத்த பயிர் விதைக்கப்படும் வரை உள்ள இடைக்காலத்தில் நிலத்தை மூடி நின்று, தன் கடன் முடிந்ததும் மடிந்து மண்ணோடு மண்ணாவது அதன் இயல்பு.

நம் நாட்டுக் கமக்காரர்க்கு இக்கருத்துப் புதியதன்று. சணலை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதலும், பூவரசங்குழை முதலியவற்றைத் தோட்டத்தறையிற் புதைத்தலும் யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் கையாண்ட முறைகளாம். ஆயின், நம் கல்லூரியின் பழைய மாணவரிற் பலர் இன்று கனடா முதலிய குளிர்நாடுகளில் வாழ்கின்றனர். அவர் வாழும் நகரங்களுக்கு அப்பால், மாதக்கணக்காக வெண்பனி மூடிக் கிடக்கும் பரந்த வயல்களில் இம்முறை எவ்வாறு அமைகின்றது? அங்கே எப்பயிரை எக்காலத்தில் விதைத்தல் தகும்? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தையும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தையும் கொள்வோம்.

1. வெறுநிலத்தால் வரும் கேடு

அயோவா மாநிலத்திற் பெரும்பாலான வயல்களில் சோளமும் சோயா அவரையும் ஆண்டு மாறி ஆண்டு பயிரிடப்படுகின்றன. ஏப்பிரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் விதைப்பு நிகழும். செப்டெம்பர் இறுதி தொடங்கி நவம்பர் வரை அறுவடை நிகழும். அதன் பின், மீண்டும் வசந்தத்தில் விதைக்கும் வரை, ஏறத்தாழ ஆறு ஏழு திங்கள் அந்நிலத்தில் உயிருள்ள பயிர் வேர் ஒன்றேனும் இராது. இதனால் விளையும் கேடுகள் இரண்டு.

முதலாவது மண்ணரிப்பு. வசந்தத்தின் தொடக்கத்தில் நிலத்தின் மேற்பரப்பு உருகிச் சேறாகும்; அடிப்பகுதியோ இன்னும் உறைந்தே கிடக்கும். அவ்வேளை பெய்யும் மழையும் உருகும் பனிநீரும் கீழிறங்க வழியின்றி மேலோடும். ஓடும்போது வளமிக்க மேன்மண்ணையும் வாரிச் செல்லும். பனியற்ற குளிர்காலத்திற் காற்றும் அதே வேலையைச் செய்யும். வெறுநிலம் எத்துணைக் கேட்டுக்கு இடமாகும் என்பதை ஐக்கிய அமெரிக்கா 1930ஆம் ஆண்டுகளிற் கண்டது. அந்நாட்டுச் சமவெளிகளில் வறட்சியோடு எழுந்த புழுதிப் புயல்கள் பல்லாயிரம் குடும்பங்களை நிலத்தை விட்டுப் பெயர்த்தன. அதன் பயனாக 1935ஆம் ஆண்டில் மண்காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஹியூ ஹமண்ட் பெனற் என்பார் தலைமையில் மண்காப்புச் சேவையும் நிறுவப்பட்டது.

இரண்டாவது கேடு கண்ணுக்குப் புலனாகாதது. ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மண்ணிலுள்ள நைதரசன், நைத்திரேற்று என்னும் உப்பு வடிவிலேயே பயிரால் பெரிதும் உறிஞ்சப்படுகின்றது. அவ்வுப்பு நீரில் எளிதிற் கரையும். மண்துகளோடு ஒட்டி நில்லாது. அறுவடை முடிந்த பின்னும், மண்ணின் சூடு முற்றும் ஆறும் வரை, நுண்ணுயிர்கள் சேதனப் பொருளைச் சிதைத்து நைத்திரேற்றை ஆக்கிக்கொண்டே இருக்கும். ஆக்குவோர் உளர்; உண்போர் இலர். எனவே, எஞ்சிய நைத்திரேற்று மழைநீரோடு கீழிறங்கி, நிலத்தடியிற் பதித்த வடிகாற் குழாய்களின் வழியே ஓடைகளை அடைந்து, ஓடையினின்று ஆற்றையும், ஈற்றில் மிசிசிப்பி வழியாக மெக்சிக்கோ வளைகுடாவையும் சேர்கின்றது. அங்கே பாசியினம் மிகப் பெருகி மடிந்து அழுகுதலால் நீரிலுள்ள ஒட்சிசன் குன்றி, கோடைதோறும் மீனினம் வாழ இயலாத பெரும்பரப்பொன்று தோன்றுகின்றது.

இவ்விடத்தில் ஒன்று சிந்தித்தற்குரியது. ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி நிலத்தை உழுது உணங்கவிடின் எருவேதும் வேண்டாது பயிர் செழிக்கும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்திற் கூறியதை நாம் அறிவோம். அது வெயில் காயும் நாட்டுக்கு ஏற்ற அறிவுரை. அயோவாவில் ஐப்பசியில் உழுதுவிட்ட நிலம் உணங்குவதில்லை. மழையிலும் பனிநீரிலும் ஊறிக் கரைகின்றது. ஒரு நாட்டு நன்முறை மற்றொரு நாட்டிற் கேடாய் முடிதல் கூடும். பயிர்த்தேர்விலும் இவ்வுண்மையை மறத்தலாகாது.

2. மூடுபயிரின் தொழில்கள்

மூடுபயிர் செய்யத்தக்க தொழில்களை ஐந்தாக வகுக்கலாம். மண்ணை வேராற் பிணித்து அரிப்பைத் தடுத்தல் முதலாவது. எஞ்சிய நைத்திரேற்றை உறிஞ்சித் தன் உடலிற் சேமித்தல் இரண்டாவது. காற்றிலுள்ள நைதரசனை ஈட்டி நிலத்துக்கு அளித்தல் மூன்றாவது. இறுகிய மண்ணைத் துளைத்து நீரும் காற்றும் புக வழி செய்தல் நான்காவது. நிழலாலும் போர்வையாலும் களையை அடக்குதல் ஐந்தாவது.

இவற்றுள் மூன்றாவது தொழில் அவரையினத்துக்கே உரியது. அவரையினச் செடிகளின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைச் செடிக்குப் பயன்படும் வடிவாக மாற்றுகின்றன என்பதை ஹெல்றீகல், வில்பாத் என்னும் செருமானிய அறிஞர் இருவர் 1886ஆம் ஆண்டில் அறிவித்தனர். புல்லினமாகிய தானியங்கட்கு இவ்வாற்றல் இல்லை. ஆயின் மண்ணில் ஏற்கனவே உள்ள நைத்திரேற்றைத் திரட்டுவதில் அவற்றை வெல்லுதல் அவரையினத்துக்கு அரிது. சுருங்கக் கூறின், புல்லினம் உள்ளதைக் காக்கும். அவரையினம் இல்லதை ஈட்டும். ஐந்து தொழிலையும் ஒருங்கே இயற்றவல்ல பயிர் ஒன்றும் இல்லை. ஆதலின், தன் வயலுக்கு வேண்டியது யாது என்பதை உழவன் முதற்கண் துணிதல் வேண்டும். சரிவான நிலத்தை உடையவன் மண்ணைக் காக்க விரும்புவான். பண்ணையிற் கால்நடை எரு மிக இட்டவன் நைத்திரேற்றைத் தடுக்க விரும்புவான். பசளைச் செலவைக் குறைக்க எண்ணுபவன் அவரையினத்தை நாடுவான்.

3. நாட்கணக்கு

நோக்கம் துணிந்த பின், குளிர்நாட்டு உழவன் போடவேண்டிய கணக்கு நாட்கணக்காகும். வெப்பநாட்டில் நீர் உள்ளவரை எந்நாளும் விதைக்கலாம். குளிர்நாட்டிலோ, அறுவடை முடியும் நாளுக்கும் செடியைக் கொல்லும் உறைபனி விழும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே மூடுபயிரின் வாழ்நாளைத் தீர்மானிக்கின்றன. அயோவாவின் நடுப்பகுதியில் முதல் உறைபனி பெரும்பாலும் ஒக்டோபர் முற்பகுதியில் விழும். சோள அறுவடையோ அம்மாத இறுதி வரை நீளும். அவ்விடத்துப் பல வயல்களிற் கழித்துப் பார்க்கின் விடை பூச்சியமாகவோ அதனினும் குறைவாகவோ வரும். பல நல்ல பயிர்கள் அங்குப் பயன்படாது போதற்குக் காரணம் இதுவே. அவற்றின் குணத்திற் குறையில்லை, அவற்றுக்கு வேண்டிய நாளே இல்லை.

பயிர்கள் வேண்டும் கால அளவைக் கருதுவோம். முள்ளங்கிக்கு உறைபனிக்கு முன் ஆறு வாரமேனும் வேண்டும். ஓட்ஸ் ஆறு முதல் எட்டு வாரம் பெறின் நிலத்தை நன்கு மூடும். வெச்சு என்னும் கொடி அவரை, குளிரைத் தாங்கும் அளவுக்கு வேரூன்றுதற்கு 30 முதல் 45 நாள் வேண்டும். குளோவர் சிறுவிதை உடையது, மெல்ல வளர்வது, அதற்கு இன்னும் கூடிய காலம் நன்று. றை என்னும் தானியம் ஒன்றே உறைபனி விழுந்த பின்னும், மண் உறையாதிருக்கும் வரை விதைத்தற்கு இடந்தருவது.

நாட்கள் போதாவிடத்து அவற்றைச் சம்பாதித்தற்கும் வழிகள் உள. ஓகஸ்டு இறுதியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ, சோளமும் சோயா அவரையும் வயலில் நிற்கும்போதே, ஆகாய விமானத்தாலோ உயர்ந்த சக்கரங்களையுடைய இயந்திரத்தாலோ மூடுபயிர் விதையை மேலிருந்து தூவுதல் ஒரு வழி. இதனால் மூன்று நான்கு வாரம் மிஞ்சும். ஆயின் மண்ணால் மூடப்படாத விதை மழையை நம்பியே முளைக்கவேண்டும். மழை பொய்ப்பின் விதைச் செலவும் பொய்க்கும். விரைவில் முதிரும் சோள வகையைத் தெரிந்து அறுவடையை முற்படுத்தல் மற்றொரு வழி.

4. தெரிதற்குரிய பயிர்கள்

றை: குளிர் தாங்கும் தானியங்களுள் இதற்கு ஒப்பானது பிறிதில்லை. பூச்சியத்துக்கு மேல் ஒன்றிரண்டு பாகை செல்சியசு வெப்பத்திலேயே இது முளைக்கும்; மூன்று நான்கு பாகையில் வளரும்; நன்கு வேரூன்றிய பின் பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகைக் குளிரையும் தாங்கும். மாரியில் உறங்கிக் கிடந்து, பனி உருகியதும் பிற பயிர்களுக்கு முன்னே விழித்தெழுந்து வளரும். நைத்திரேற்று மிகுதியாகக் கழுவப்படும் காலம் வசந்தமே ஆதலின், அக்காலத்தில் உயிரோடு நிற்கும் இதன் வேர் பெரும் பயன் தரும். சிறுவிதைக் களைகளை அடக்குதலும் இதன் சிறப்பு. ஆயின், தானே மடியாது. உழவனே அதனைக் கொல்லுதல் வேண்டும். காலந்தாழ்த்தின் ஆளுயரம் வளர்ந்து அடுத்த பயிருக்குத் தொல்லையாகும்.

ஓட்ஸ்: இலையுதிர்காலத்தில் விரைந்து வளர்ந்து, பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 8 பாகைக் குளிரில் மடியும். மடிந்த தாள்கள் பாய்போற் படிந்து வசந்தம் வரை மண்ணைக் காக்கும். கொல்லும் வேலை உழவனுக்கு இல்லை. குளிரே அதனைச் செய்துவிடும். மூடுபயிரைப் புதிதாகத் தொடங்குவோர்க்கு இது தக்க பயிர். குறை யாதெனில், வசந்தத்தில் உயிருள்ள வேர் இராமையால் அக்காலத்து நைத்திரேற்றைத் தடுக்க மாட்டாது.

முள்ளங்கி: ஈண்டு நாம் கருதுவது கறிக்குரியதன்று, நிலத்தைத் துளைத்தற்கென விதைக்கப்படும் நீண்ட கிழங்குடைய இனம். இதன் ஆணிவேர் இறுகிய மண்ணுட் புகுந்து வழி செய்யும். பூச்சியத்துக்குக் கீழ் 6 அல்லது 7 பாகைக் குளிர் சில இரவுகள் தொடரின் மடியும். மடிந்து அழுகிய இடத்திற் குழிகள் எஞ்சும். வசந்தத்தில் அக்குழிகளால் மண் விரைவிற் காயும். இலையுதிர்காலத்தில் நைத்திரேற்றை மிகுதியாகத் திரட்டவும் இது வல்லது. ஆயின் அழுகல் விரைவாதலின், திரட்டியதை வசந்தத் தொடக்கத்திலேயே விட்டுவிடும். அவ்வேளை அதனை ஏற்கும் பயிர் இல்லாவிடின் சேமிப்பு வீணாகும். ஆகவே இதனை ஓட்ஸோடும் றையோடும் கலந்து விதைப்பர்.

மயிரடர்ந்த வெச்சு: அவரையின மூடுபயிர்களுட் குளிர் தாங்குவதில் முதன்மையானது. தக்க காலத்தில் விதைத்துப் பூக்கும் பருவம் வரை வளரவிடின், ஏக்கருக்கு 100 இறாத்தலுக்கு மேற்பட்ட நைதரசனையும் அளிக்கவல்லது. ஆயின் அப்பருவம் வருதற்கு மே இறுதியோ யூன் மாதமோ ஆகும்; சோளம் விதைக்கும் நாள் அதற்கு முன்னே வந்துவிடும். முற்பட்டுக் கொன்றால் நைதரசன் குறையும். காத்திருந்தால் சோள விளைச்சல் குறையும். மேலும் இதன் விதைகளிற் சில தடித்த தோலுடையனவாய் மண்ணிற் கிடந்து ஆண்டுகள் கழித்து முளைக்கும். கோதுமை வயலில் அவ்வாறு முளைப்பின் அது களையேயாம். ஆதலாற் கோதுமை பயிரிடுவோர் இதனைத் தெரிதலில் மிகவும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

செங்குளோவர்: ஒன்ராறியோ உழவர்க்கு நன்கு பழக்கமானது. அதனை விதைக்கும் முறை வியப்புக்குரியது. இலையுதிர்காலத்தில் விதைத்த மாரிக்கோதுமை மார்ச்சு மாதத்தில் வயலிற் குறுகி நிற்கும். இரவில் மண் உறைந்து விரிந்து வெடிக்கும். பகலில் உருகித் தளரும். நிலம் உறைந்திருக்கும் விடியற்காலையில் குளோவர் விதையைக் கோதுமையின் மேலே தூவிவிடுவர். உறைதலும் உருகுதலும் மாறி மாறி நிகழ, விதை வெடிப்புகளினூடே தானே மண்ணுட் புதையும். உழவும் இல்லை, மண் அணைத்தலும் இல்லை. கோதுமையின் நிழலில் இளஞ்செடி பொறுத்து நின்று, யூலை மாதத்திற் கோதுமை அறுக்கப்பட்டதும் முழுவெயில் பெற்றுச் செழித்து வளரும். குளிர்நாட்டின் பகையாகிய உறைபனியையே விதைப்பாளனாக ஆக்கிக்கொண்ட திறம் இது.

5. அடுத்த பயிரை நோக்குதல்

மூடுபயிரைத் தெரிவோர் பலர் இங்கேதான் இடறுவர். மூடுபயிரின் குணம் ஒரு பாதி; அதன் பின் வரும் பயிருக்கு அது செய்யும் நன்மை தீமை மறுபாதி. இதனை விளங்கிக்கொள்ளுதற்குக் காபன், நைதரசன் என்னும் இரண்டின் விகிதத்தை அறிதல் வேண்டும்.

மண் நுண்ணுயிர்கள் உண்ணும் உணவில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ 24 பங்கு காபன் இருத்தல் அவற்றுக்குப் பொருந்தும். வெச்சில் இவ்விகிதம் ஏறத்தாழ 11. ஆகவே நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டியது போக மிஞ்சிய நைதரசனை மண்ணுக்கு விடுகின்றன. இளம் றையில் விகிதம் 26. பூக்கும் பருவத்தில் 37. முற்றி உலர்ந்த தாளில் 80க்கும் மேல். இத்தகைய தாளை உண்ணும் நுண்ணுயிர்கள் தமக்குக் குறையும் நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அவ்வேளை முளைத்தெழும் சோளம் நைதரசன் பெறாது மஞ்சள் நிறமாய் வாடும். சோளம் புல்லினம், நைதரசனைப் பெரிதும் வேண்டுவது. சோயா அவரையோ தன் நைதரசனைத் தானே ஈட்டுவது. ஆகவே றைக்குப் பின் வருதல் அதற்கு இடையூறாவதில்லை.

இதனாற் பெறப்படும் விதி இதுவாகும்: றைக்குப் பின் சோயா அவரை எளிது, றைக்குப் பின் சோளம் அரிது. றைக்குப் பின் சோளம் விதைத்தே ஆகவேண்டின், றை முழங்கால் உயரம் எய்துமுன், சோள விதைப்புக்கு 10 முதல் 14 நாள் முன்னதாகவே அதனைக் கொன்றுவிடல் வேண்டும். சோளத்தின் இளவேரைத் தாக்கும் பூஞ்சண நோய்கள் சில, மடிந்துகொண்டிருக்கும் றை வேரிற் பெருகும் ஆதலின், இவ்விடைவெளி நோய்த் தடுப்புக்கும் உதவும். விதைக்கும்போது சிறிதளவு நைதரசன் பசளையை வரிசையின் அருகே இடுதலும் நன்று.

6. மடிக்கும் வழி

மூடுபயிரை எவ்வாறு வளர்ப்பது என்பதினும் எவ்வாறு முடிப்பது என்பதே கடினமான வினா. வழிகள் நான்கு: குளிராலே மடியவிடல், உழுது புதைத்தல், களைகொல்லி தெளித்தல், உருளையால் நசுக்கிச் சாய்த்தல். உழுதால் மூடுபயிர் காத்த மண் மீண்டும் வெறுநிலமாகும். களைகொல்லி விரைவானது, ஆயின் குளிர்ந்த நாட்களில் அதன் வேகம் குறையும். உருளை முறை, இரசாயனத்தை விலக்கும் பண்ணைகளுக்கு ஏற்றது; ஆயின் றை பூத்த பின்னரே அதனாற் சாயும். பூக்குமுன் நசுக்கினால் மீண்டும் எழும். தன்னிடம் எக்கருவி உண்டு, எவ்வழி இயலும் என்று எண்ணாது விதைப்பவன், புறப்படும் வழியை அறியாது கோட்டையுட் புகுந்தவனை ஒப்பான்.

மற்றுமொரு எச்சரிக்கை. சோளத்துக்குத் தெளித்த களைகொல்லிகளிற் சில நெடுநாள் மண்ணிற் தங்கி, பின்னர் விதைக்கும் குளோவரையும் முள்ளங்கியையும் முளையிலேயே கெடுக்கும். ஆகவே அவ்வாண்டிற் பயன்படுத்திய மருந்தின் குறிப்பை நோக்கிய பின்னரே விதை வாங்கல் வேண்டும்.

7. மூன்று வயல்கள்

இதுகாறும் கூறியவற்றை மூன்று வயல்களிற் பொருத்திப் பார்ப்போம்.

முதல் வயல் அயோவாவிற் சரிவான நிலம். சோளம் ஒக்டோபர் இறுதியில் அறுக்கப்படும். அடுத்த ஆண்டு சோயா அவரை. நோக்கம் மண்காப்பு. நாட்கணக்கு ஏறத்தாழப் பூச்சியம். அடுத்த பயிர் நைதரசனை வேண்டாதது. விடை வெளிப்படை: அறுவடை இயந்திரம் வயலை விட்டு நீங்கியவுடன் றை விதைத்தல். ஏக்கருக்கு 50 முதல் 100 இறாத்தல் விதை போதும். இலையுதிர்காலத்தில் முளை மட்டுமே தோன்றினும் கவலையில்லை. அதன் உண்மையான வளர்ச்சி வசந்தத்தில் நிகழும்.

இரண்டாம் வயல் ஒன்ராறியோவில் உள்ளது. மாரிக்கோதுமை யூலையில் அறுக்கப்படும். அடுத்த ஆண்டு சோளம். நோக்கம் பசளைச் செலவைக் குறைத்தல். கோதுமை அறுவடைக்குப் பின் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட நல்ல வளர்காலம் உண்டு. மார்ச்சில் தூவிய செங்குளோவரே இதற்கு உரியது. யூலையிற் பார்க்கும்போது குளோவர் திட்டுத் திட்டாய் மட்டும் நிற்பின், ஓகஸ்டில் ஓட்ஸும் பட்டாணியும் முள்ளங்கியும் கலந்து விதைத்துக் குறையை நிரப்பலாம்.

மூன்றாம் வயல் மீண்டும் அயோவாவில். சோயா அவரை ஒக்டோபர் தொடக்கத்தில் அறுக்கப்படும்; அடுத்த ஆண்டு சோளம். நோக்கம் நைத்திரேற்றைத் தடுத்தல். இதுவே கடினமான கணக்கு. றை விதைத்தால் நைத்திரேற்று நன்கு தடுக்கப்படும். ஆயின் சோளம் வாடும் அபாயம் உண்டு. ஓட்ஸ் விதைத்தால் சோளத்துக்கு இடர் இல்லை. ஆயின் சோயா அவரையின் இலை உதிருமுன்னரே, நிற்கும் பயிரின் மேல் அதனைத் தூவல் வேண்டும். வசந்தக் காவலும் இராது. வசந்தத்தில் வயலைக் கவனிக்க ஆளும் கருவியும் நேரமும் உடையவன் றையைத் தெரிந்து, உரிய நாளிற் கொல்லலாம். அவை இல்லாதவனுக்கு ஓட்ஸே பாதுகாப்பு. ஒரே வயலுக்கு இரு உழவர் இரு விடை காணுதலும், இரண்டும் சரியாதலும் இக்கலையில் இயல்பாம்.

8. செலவு யாருடையது? பயன் யாருடையது?

இத்துணைப் பயன் உண்டாயின், உழவர் எல்லாரும் மூடுபயிர் விதையாதிருப்பதேன் என்ற வினா எழும். ஐக்கிய அமெரிக்காவின் விவசாயக் கணக்கெடுப்பின்படி, மூடுபயிர் விதைத்த நிலம் 2012ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கோடியே மூன்று இலட்சம் ஏக்கர். 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது இலட்சம் ஏக்கர். வளர்ச்சி உண்டு, எனினும் அது அந்நாட்டுப் பயிர்நிலத்தின் இருபதில் ஒரு பங்கினும் குறைவே.

காரணம் உழவனின் அறியாமையன்று. 2013ஆம் ஆண்டில் அயோவா மாநிலம் வெளியிட்ட ஊட்டக் குறைப்புத் திட்டத்தின் அறிவியல் மதிப்பீட்டில் இரண்டு எண்கள் காணப்படுகின்றன. றை மூடுபயிர் வயலினின்று வெளியேறும் நைத்திரேற்றைச் சராசரியாக நூற்றுக்கு 31 பங்கு குறைக்கும் என்பது ஒன்று. அதன் பின் வரும் சோளத்தின் விளைச்சல் நூற்றுக்கு 6 பங்கு குறையக்கூடும் என்பது மற்றொன்று. முதலெண்ணின் பயனை ஆற்றின் கீழே வாழ்வோர் பெறுவர். இரண்டாம் எண்ணின் இழப்பையும் விதைச் செலவையும் வயலுக்குரியவன் தாங்குவான். இவ்விழப்பைக் குறைக்கவல்ல ஒரே கருவி தக்க தேர்வும் தக்க காலமுமேயாம். சோளத்துக்கு முன் றையைப் பிந்திக் கொல்வோனுக்கு இழப்பு மிகும். சோயா அவரைக்கு முன் விதைப்போனுக்கு இழப்புப் பெரிதும் இராது.

ஆற்றின் கீழே வாழ்வோர் யாவர்? அயோவாவின் தலைநகராகிய டெ மொயின் நகர மக்கள் ஆற்றுநீரையே குடிக்கின்றனர். அந்நீரினின்று நைத்திரேற்றை நீக்குதற்கெனத் தனி நிலையமொன்றை அங்கு இயக்குகின்றனர். 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஆற்றில் நைத்திரேற்று மிகுந்தமையால், நீக்கும் நிலையத்தின் ஆற்றலுக்கு உட்பட்டு நீரைச் சிக்கனப்படுத்தும்பொருட்டுப் புற்றரைகளுக்கு நீர் பாய்ச்சுதல் தடுக்கப்பட்டது. இவ்வுப்புக் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யும் என்பதை, கிணற்று நீர் பருகிய குழந்தைகளிடத்திற் கண்டு 1945ஆம் ஆண்டில் முதன்முதல் எழுதியவரும் அயோவாவைச் சேர்ந்த மருத்துவர் ஹன்ரர் கொம்லி என்பவரே.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், தோட்டங்களுக்கு மிகுதியாக இட்ட பசளையின் நைத்திரேற்று நிலத்தடி நீரைச் சேர்ந்து, கிணறுகள் பலவற்றிற் குடிநீர்க்குரிய எல்லையை மீறியிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே உருகும் பனி. இங்கே மாரி மழை. கழுவப்படும் உப்பு ஒன்றே. அங்குள்ள றை இங்கு விளையாது. இங்குள்ள சணல் அங்குக் குளிரைத் தாங்காது. ஆயின் உழவன் தன்னைத்தானே கேட்கவேண்டிய கேள்விகள் இரு நாட்டிலும் அவையே.

அவற்றை மீண்டும் தொகுத்துரைத்து முடிப்போம். என் வயலுக்கு வேண்டும் தொழில் யாது? அதற்கு எனக்கு எத்தனை நாள் உண்டு? அடுத்து வரும் பயிர் யாது? இம்மூடுபயிரை நான் எவ்வாறு, எந்நாளில் முடிப்பேன்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே விதைக்கடைக்குச் செல்லுதல் வேண்டும். அயலான் விதைத்தான் என்பதற்காக விதைத்தலும், ஒரு முறை தவறியது என்பதற்காகக் கைவிடுதலும் தகா. முதலாண்டிற் சிறு பாத்தியில், எளிய பயிரொன்றை விதைத்துக் கண்ணாற் கண்டு, பின்னர் விரித்தலே அறிவுடைமையாகும். குளிர்நாட்டில் வாழும் நம் கல்லூரி மைந்தருள் வீட்டுத் தோட்டம் உடையோரும் இதனை எளிதிற் செய்து பார்க்கலாம். ஓகஸ்டு இறுதியில் வெறுமையான பாத்தியொன்றில் ஒரு பிடி ஓட்ஸ் தூவி மண்ணால் மூடின், மார்கழியில் அது பனியின் கீழ்ப் பாயாய்ப் படிந்து கிடக்கும். சித்திரையில் அப்பாயை விலக்கிப் பார்ப்போர், அயலிலுள்ள வெறும்பாத்தியின் மண்ணையும் அதன் கீழுள்ள மண்ணையும் கையிலெடுத்து ஒப்பிட்டு அறிந்துகொள்வாராக.